மண்வள அட்டையில் இல்லாத குரோமியம்

மத்திய அரசு 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஒரு வயலின் மண்ணுக்கு 12 சோதனைகள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அமில கார நிலை, உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன், அங்ககக் கரிமம். பட்டியல் அத்துடன் முடிகிறது. பாலாற்றுப் படுகையில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்துக் கழனிகளுக்கும் இதே அட்டைதான். அரை நூற்றாண்டாகத் தோல் தொழிற்சாலைக் கழிவை வாங்கிக்கொண்ட மண்ணில் குரோமியம் எவ்வளவு என்று அந்த அட்டை கேட்பதில்லை. களிமண்ணை இறுக்கிப் பயிரின் வேரை மூச்சுத் திணற வைக்கும் சோடியம் எவ்வளவு என்றும் கேட்பதில்லை. ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா, எத்தனை கிலோ டி.ஏ.பி. என்று சிபாரிசு எழுதி விவசாயி கையில் கொடுத்துவிடுகிறது.

இதைத் தெரியாமல் நடந்த பிழை என்று விட்டுவிட முடியாது. பாலாற்றுப் படுகையின் மண் கெட்டுப்போனது என்பது உச்சநீதிமன்றமே பதிவு செய்த உண்மை. கெடுத்தது யார் என்பதும் பதிவாகியிருக்கிறது. இழப்பீட்டுக்கு ஆணையம் அமைத்தார்கள், தொகை குறித்தார்கள், யார் யாரிடம் வசூலிப்பது என்றும் எழுதினார்கள். இவ்வளவுக்குப் பிறகும், ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணில் உள்ள நிலத்தில் என்ன நஞ்சு, எவ்வளவு ஆழத்தில், எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்டால் பதில் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. பாதிக்கப்பட்டவனே நிரூபித்துக்கொண்டு வரட்டும் என்று அரசு இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பாலாறு என்ற பெயரில் இன்னொரு சிற்றாறும் உண்டு. மாதேசுவரன் மலைக்குப் போகும் வழியில், மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு மேலே காவிரியில் சேர்வது அது. நாம் பேசுவது பழைய மைசூர் சமஸ்தானத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கோலார் மாவட்டம் வழியே வந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் கடந்து கல்பாக்கம் அருகே வயலூரில் கடலை அடையும் பாலாற்றை. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மேலே மணல்தான் தெரியும். ஓட்டம் மணலுக்கு அடியில். இந்த ஆற்றில் ஊற்றுக்கால் வெட்டியும் கரையோரக் கிணறுகளில் இறைத்தும்தான் தலைமுறை தலைமுறையாக நெல்லும் கரும்பும் வாழையும் தென்னையும் விளைந்தன. மணலுக்கு அடியில் போகிற தண்ணீரில் கலந்தது கண்ணுக்குத் தெரியாமலே பத்து கிணறு தள்ளிப் போய் ஏறும் என்பதை இந்த வட்டாரத்துக் கிணறு வெட்டுகிறவர்கள் அத்தனை பேரும் அறிவார்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் படிக்கிற தீர்ப்பு அது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு அந்த வழக்கில் வைக்கப்பட்டது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது. கேடு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்திய நாட்டின் சட்டத்தில் சேர்ந்துவிட்டவை என்று நீதிமன்றம் அறிவித்தது. கூடவே மூன்றாவதாக ஒன்றையும் சொன்னது. தன் தொழிலால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. பாதிக்கப்பட்டவருடையது அல்ல.

தீர்ப்பின் முதுகெலும்பே அந்த மூன்றாவது வரிதான். முப்பது ஆண்டுகளாக அதை முறித்துப் போட்டிருப்பது நம் அதிகாரிகள்.

எப்படி என்று பார்ப்போம். விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஒருவர் தன் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவருகிறார். மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கிறது. மேடையில் வைக்கிறார், பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கிறார்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் குறித்துக்கொள்கிறார். அந்தப் பாட்டிலுக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, ஆலைக் கழிவு மாதிரியை வாரிய அலுவலரே எடுக்க வேண்டும். ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் கேட்டால் இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். அந்த முறை தவறினால் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது. அலுவலர் வருகிற நாளில் குழாயில் என்ன வரும் என்பது ஊருக்கே தெரியும். நள்ளிரவில், பெருமழையில், ஆற்றில் வெள்ளம் ஓடும் நேரத்தில் திறந்துவிடப்படுகிறது என்று விவசாயிகள் சொல்லும் கழிவுக்கு அறிவிப்பும் இல்லை, முத்திரையும் இல்லை. மறுநாள் காலையில் தரைப்பாலத்துக்குக் கீழே வெள்ளை நுரை மட்டும் நிற்கும்.

சரி, தண்ணீர் ஓடிவிட்டது. மண் ஓடாதே. மண்ணைத் தோண்டிப் பார்க்கலாமே. அதைச் செய்யத்தான் நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

வேளாண் துறை கற்றுத்தரும் மண் மாதிரி முறையைப் பாருங்கள். வயலில் பல இடங்களில் வி வடிவத்தில் அரை அடிக் குழி வெட்டு, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கல, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளு, அரைக் கிலோ ஆகும் வரை இப்படியே குறை. வரப்போரம், வாய்க்கால் ஓரம், நீர் தேங்கும் பள்ளம் ஆகிய இடங்களில் எடுக்காதே. உரச் சிபாரிசுக்கு இது மிகச் சரியான முறை. வயலின் சராசரி தெரிந்தால் போதும் என்பதால்தான் இந்த விதி. நஞ்சைத் தேடுகிறவனுக்கோ இதே முறை கண்ணைக் கட்டிவிடுகிறது. கழிவு நீர் முதலில் நுழைவது மடைவாயில். தேங்குவது பள்ளத்தில். படிவது வாய்க்கால் ஓரத்தில். எங்கே தேட வேண்டுமோ அந்த மூன்று இடங்களையும் விலக்கிவிட்டு, மீதியையும் கலந்து சராசரி ஆக்கினால் எது சிக்கும்? போதாக்குறைக்கு மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒன்று. அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் சுமார் பத்துப் பேரின் நிலம் சேர்ந்துதான் ஒரு மாதிரி. அதில் ஒருவனுடைய பாழ்பட்ட மூலை மற்றவர்களுடைய நல்ல மண்ணில் கரைந்து காணாமல் போகிறது.

நஞ்சின் வழியைத் தேட வேண்டுமானால் வேறு மாதிரிப் போக வேண்டும். முதலில் நடக்க வேண்டும். நிலத்துக்கு மேற்புறம் என்ன இருக்கிறது, ஓடை எங்கிருந்து வருகிறது, ஏரிக்கு வரும் கால்வாய் எந்தத் தொழிற்சாலைச் சுவரை ஒட்டி ஓடுகிறது, மூடிக் கிடக்கும் பழைய பதனிடும் குழிகள் உண்டா, தோல் சீவல், சுண்ணாம்புக் கசடு, சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு எதையாவது எரு என்று சொல்லி யாராவது கொட்டினார்களா என்றெல்லாம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். விவசாயியின் பக்கமும் பார்க்க வேண்டும். பம்பு செட் அறையில் சிந்திய டீசல், பூச்சிமருந்து டப்பா கழுவிய இடம், நகராட்சிச் சாக்கடை வந்து சேரும் மடை, அளவுக்கு மீறிப் போட்ட உரம் என எதையும் விடக் கூடாது. பிறகு மடைவாயில் தனி மாதிரி, வயல் நடுவில் தனி, கடைக்கோடியில் தனி. ஒவ்வொன்றிலும் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் தனித்தனி. எதையும் கலக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க, கழிவு எட்டாத மேட்டு நிலத்தில் ஒன்று. கிணற்றுத் தண்ணீர் மழைக்கு முன்பும் பின்பும். இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஏதும் இல்லை. ஒரு மண்ணியல் பட்டதாரியும் ஒரு கிராம உதவியாளரும் ஒரு நாளில் ஒரு நிலத்தை இப்படிப் பார்த்து முடிக்கலாம்.

குரோமியத்தைத் தேடும்போதும் மொத்தக் குரோமியம் என்று ஒரே எண்ணைப் போட்டால் போதாது. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அது பெரும்பாலும் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், பயிருக்குள் அதிகம் ஏறாது. அறுவிணைதிறன் குரோமியம் வேறு சாதி. தண்ணீரில் கரைந்து ஓடும், மஞ்சள் நிறம் காட்டும், புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத ஆய்வறிக்கை விவசாயிக்குப் பயன்படாது. மழுப்ப நினைக்கிறவர்களுக்குத்தான் பயன்படும்.

உண்மையில் பாலாற்றுக் கழனிகளைக் கொன்றதில் குரோமியத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். இதை வெளியே யாரும் பேசுவதில்லை. குரோமியம் என்றால் தலைப்புச் செய்தி ஆகும், சமையல் உப்பு ஆகாது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்புப் போட்டுத்தான் சந்தையிலிருந்து வருகிறது. தொழிற்சாலையில் அதைத் தட்டிக் கழுவுகிறார்கள். அந்த உப்பு எந்தச் சாதாரணச் சுத்திகரிப்பிலும் போகாது, கரைந்தபடியே வெளியே வரும். அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலத்தைக் கோடையில் போய்ப் பாருங்கள். வரப்பின் உச்சியிலும் கிணற்றுத் தொட்டியைச் சுற்றியும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கையால் வழித்தால் மாவு போல வரும். அடுத்த மழையில் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும், மண் களிம்பு போல ஆகிவிடும், காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். நெல் தூர் கட்டாது, நுனி கருகும். தென்னையில் குரும்பை உதிரும், நிற்கிற காயும் சிறுத்துப்போகும். உவர் நிலம் என்றால் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து வெளியேற்றலாம். களர் ஆகிவிட்டால் ஜிப்சம் போட்டுச் சோடியத்தை விரட்ட வேண்டும். எது என்று தெரியாமல் செலவு செய்தால் பணம்தான் போகும். தெரிந்துகொள்ள மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் விழுக்காட்டை அளக்க வேண்டும். அந்தச் சோதனைதான் அட்டையில் இல்லை.

தோல் தொழிலை இழுத்து மூடு என்று நாம் சொல்லவில்லை. பல்லாயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, அதிலும் காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களுக்கு, அது சோறு போடுகிறது. ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட காலத்தில் குரோமியத்துக்கு இவ்வளவு வேலை இல்லை. 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு பச்சைத் தோல், அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்து, முழுப்பதன் தோலாகவும் பொருளாகவும் அனுப்பச் சொன்ன பிறகுதான் இந்த வட்டாரம் பெருமளவில் குரோம் பதனிடலுக்கு மாறியது. டாலர் வரும் என்று திட்டம் போட்டவர்கள், கழிவு எங்கே போகும் என்று திட்டம் போடவில்லை. ஆகவே இந்தப் பாவத்தில் அரசுக்கும் பங்கு உண்டு. ஏதோ இரண்டு தரப்புக்கு நடுவில் நிற்கும் பஞ்சாயத்துக்காரரைப் போல அரசு பேசுவதை நிறுத்த வேண்டும்.

இழப்பீட்டுக் கதைக்கு வருவோம். 1996 தீர்ப்பின்படி ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் சூழல் இழப்பு ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அது ஒரு கணக்கைச் சொன்னது. ஏழு வட்டங்களில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். நிலம் சுமார் 15,000 ஹெக்டேர். 547 தொழிற்சாலைகளிடமிருந்து வசூலித்துக் கொடுக்க வேண்டிய தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். கோடி என்ற சொல்லைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 9,200 ரூபாய் கூட வரவில்லை. 1991 முதல் 1998 வரை ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாசத்துக்கு மாதம் சுமார் 100 ரூபாய். ஒரு கிணறு கெட்டதற்கும், ஒரு கழனி தரிசானதற்கும், பெங்களூருக்கும் சென்னைக்கும் கூலி வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 100 ரூபாய்.

அதைக்கூட ஒழுங்காகக் கொடுத்தார்களா? 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு மீண்டும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசே கொடு, பிறகு தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள் என்று அது உத்தரவிட்டது. முன்னாள் உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைத்துப் பாலாற்றின் நிலையை ஆராயவும் சொன்னது. வழக்கை முடிக்காமல் தன் கண்காணிப்பிலேயே வைத்துக்கொண்டது. 1991-ல் தொடங்கிய வழக்கில், இழப்பீடு கொடு என்று 2025-ல் ஒரு மாநில அரசுக்கு உச்சநீதிமன்றம் கெடு வைக்க நேர்ந்ததே வெட்கக்கேடு.

35,000 ஹெக்டேர் என்று பல்கலைக்கழகம் சொன்னது, ஆணையம் போட்ட கணக்கில் சுமார் 15,000 ஆனது. இரண்டும் ஒரே எல்லைக்குள் எடுத்தவையா, அளவுகோல் மாறியதா என்று விளக்கும் கடமை அரசுக்கு உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த இழப்பீட்டுக் கணக்கு 1998 டிசம்பரோடு நின்றது. அதன் பிறகு மண் என்ன ஆனது? தேறியதா, மேலும் கெட்டதா, கெட்டது அடுத்த சர்வே எண்ணுக்குப் பரவியதா? இழப்பீட்டுப் பட்டியலில் அன்று பெயர் இருந்தவர் பலர் இன்று உயிரோடு இல்லை. நிலம் பிள்ளைகள் பேருக்கு மாறிவிட்டது, விற்றுக் கைமாறியும் போய்விட்டது. புதிதாக வாங்குகிறவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். அடமானம் இருந்தால் அதில் தெரியும். குரோமியம் இருந்தால் தெரியாது. அமெரிக்காவில் லவ் கெனால் என்ற இடத்தில் புதைத்த ரசாயனக் கழிவுக்கு மேல் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் 1978-ல் தெருவுக்கு வந்து போராடினார்கள். இரண்டே ஆண்டில் அங்கே நச்சு நிலங்களைச் சுத்தம் செய்யச் சட்டம் வந்தது. நிலத்தின் பழைய வரலாற்றைத் தோண்டிப் பார்க்காமல் வாங்கினால் சுத்தம் செய்யும் செலவு தன் தலையில் விடியும் என்ற பயம் அங்கே வாங்குகிறவனுக்கு வந்துவிட்டது. நமக்கு அதே போல ஒரு விதி வர 2025 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆம், வந்துவிட்டது. மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ தானாகவோ, பொதுமக்கள் புகாரின் பேரிலோ கண்டறிந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வும் முடிக்க வேண்டும். மாசு உறுதியானால் காரணமானவரைக் கண்டுபிடித்துச் செலவை வசூலிக்க வேண்டும். அதற்கு முன்பு நாடு முழுதும் அடையாளம் காணப்பட்ட மாசடைந்த இடங்கள் 103. சுத்தம் செய்யும் பணி தொடங்கியது ஏழே ஏழில். சுத்தம் செய்து முடிக்க இந்த விதிகள் காலக்கெடு வைக்கவில்லை என்பது பெரிய ஓட்டை. ஆனாலும் முதல் இரண்டு படிகளுக்குக் கெடு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்க முடியும்.

பாலாற்றுப் படுகையில் மாசடைந்த இடம் எங்கே என்று தேடி அலைய வேண்டியதும் இல்லை. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. மூன்று தசாப்தங்களாக மழையில் நனைந்து மஞ்சள் சாறாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. 2006-ல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. அன்று பிறந்த குழந்தை இன்று வாக்காளர். ஆட்சிகள் மாறின. குழுக்கள் வந்து போயின. 2015 ஜனவரி 31 அதிகாலை அதே ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவை ஆற்றில் விடாதே என்று சொல்லிவிட்டு, தேக்கிவைத்த கழிவை என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டதன் விலை அது. கழிவுநீரே வெளியேறாத சுத்திகரிப்பு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஆலைகளில் தண்ணீரை ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆள் இல்லாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூரை ஒழுகினால் அதுவும் மண்ணுக்குத்தான்.

மேலே கர்நாடகத்தையும் சும்மா விட முடியாது. கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. சயனைடு கலந்த கழிவு மண் கோடிக்கணக்கான டன் மலை மலையாக அங்கேயே நிற்கிறது. காற்றடித்தால் பக்கத்துக் கொல்லைகளில் போய்ப் படிகிறது. புதிய விதிகள் சுரங்கக் கழிவைத் தம் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டன. பெங்களூரின் சாக்கடை நீரை இரண்டாம் நிலை வரை மட்டும் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம் 2018 ஜூனில் தொடங்கிய அடுத்த மாதமே ஒரு ஏரியில் நுரை பொங்கியது. நிலத்தடி நீர் ஏறுகிறது என்று கர்நாடக அரசு மார்தட்டுகிறது. ஏறுகிற தண்ணீரோடு மண்ணில் என்ன ஏறுகிறது என்பதைக் கழனி வாரியாகச் சோதித்து வெளியிட வேண்டும். மேலே உள்ள மாநிலங்கள் பாலாற்றில் புதிய தடுப்பணை கட்டினால் தமிழ்நாட்டில் சட்டசபை கொதிக்கிறது, கொதிக்க வேண்டியதுதான். வருகிற தண்ணீரின் தரத்தைப் பற்றி அதே சட்டசபையில் எத்தனை நாள் பேசினார்கள்?

தொழிற்சாலைகள் தரப்பில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. நகராட்சிச் சாக்கடையும் ஆற்றில்தான் விழுகிறது, மணலை அள்ளி நிலத்தடி நீரைக் கெடுத்தார்கள், விவசாயியே உரத்தைக் கொட்டினான், எல்லாப் பழியும் எங்கள் மேலா என்கிறார்கள். இதில் பாதி உண்மை. வாணியம்பாடியின் சாக்கடையும் ஆம்பூரின் சாக்கடையும் பாலாற்றில் கலக்கின்றன. மணல் கொள்ளை ஆற்றின் எலும்பையே உருவிவிட்டது. அதனால்தான் நிலம் நிலமாகச் சென்று, எந்த நஞ்சு எந்த வழியாக வந்தது என்று பிரித்தறிய வேண்டும் என்கிறோம். உண்மையிலேயே குற்றமற்ற தொழிற்சாலை இந்தச் சோதனையை வரவேற்கும். சோதனையே நடக்காமல் இருப்பதால் லாபம் யாருக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரில் தங்கின. மக்களுக்கு அருகில் நிர்வாகம் என்று அன்று சொன்னார்கள். பாலாற்று விவசாயியின் அனுபவத்தில், ஒரு கலெக்டர் அலுவலகத்தில் தூங்கிய கோப்பு இப்போது மூன்றில் தூங்குகிறது.

தமிழக அரசு செய்ய வேண்டியது தெளிவானது. மூன்று மாவட்ட ஆட்சியர்களும் புதிய விதிகளின்படி சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைச் சர்வே எண்ணோடு, தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வெளியிட வேண்டும். தமிழ்நாடு குரோமேட்ஸ் மேடு அந்தப் பட்டியலின் முதல் வரியாக இருக்க வேண்டும். அதை அகற்றத் தேதி குறிக்க வேண்டும். 2001 பட்டியலில் உள்ள நிலங்கள் அத்தனையையும், அவற்றை ஒட்டிய நிலங்களையும் அரசுச் செலவில் ஆழம் ஆழமாகச் சோதிக்க வேண்டும். குரோமியம் இரண்டு வகையும் தனித்தனியாக, சோடியம் விழுக்காடு, கிணற்று நீரின் மொத்தக் கரைந்த உப்பு என எல்லாவற்றையும் எழுதிய அட்டையை விவசாயி கையில் தர வேண்டும். தோல் தொழிற்சாலை வட்டாரங்களுக்கான மண்வள அட்டையில் இவற்றை நிரந்தரமாகச் சேர்க்க மத்திய அரசைக் கேட்டு வாங்க வேண்டும். புகார் வந்தால், அது இரவானாலும் மழையானாலும், 21-ஆவது பிரிவின்படி மாதிரி எடுக்கும் அலுவலர் ஒருவர் ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறுப்பில் இருக்க வேண்டும். அவருடைய தொலைபேசி எண் ஊருக்குத் தெரிய வேண்டும். 1998-க்குப் பிந்தைய இழப்பைக் கணக்கிட வேண்டும். செலவு முழுவதையும் கேடு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். அதற்கு நிதி இல்லை என்ற பேச்சே எழக் கூடாது. யாருடைய பணம் என்பதை 1996-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாலாற்றங்கரை விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பாட்டிலோடு மட்டும் போகாதீர்கள். உங்கள் சர்வே எண், நிலத்துக்கு வரும் ஓடை, கால்வாய், மேற்புறம் உள்ள தொழிற்சாலை அல்லது குப்பைமேடு, எந்த ஆண்டிலிருந்து எந்தப் பயிர் போகவில்லை என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதுங்கள். 2025-ஆம் ஆண்டு மாசடைந்த இடங்கள் விதிகளின்படி என் நிலத்தைச் சந்தேகத்துக்குரிய இடமாகப் பட்டியலிடக் கோருகிறேன் என்று தலைப்பிட்டு ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பட்டியல் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து வாரியத்துக்கு 90 நாள். அந்த 90 நாளை எண்ணத் தொடங்குங்கள்.